இயற்பியல் பேச்சு கூட்டத்தில் எடுபட: பேச வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் மாலை நேரத்தில் சின்னச் சின்ன அறிவியல் கூட்டங்கள் நடத்துகிறோம். பள்ளிக்கூட ஹால் கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் யாராவது முற்றம் வைத்த தங்கள் வளவு வீட்டைத் திறந்துவிட்டால் அங்கே. இயற்பியல் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சம் கிடையாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர்களும் வாத்தியார்களும் பேசச் சொன்னால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்ட மறுநாள் போன் வரும். யார் பேசினாலும் சந்தேகம் மட்டும் அதே சந்தேகம்தான் என்பதால், அவரவர் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

"சார், குவாண்டம், கருந்துளை எல்லாம் நம்ம ஊர் ஜனங்களுக்குப் புரியுமா?"

புரியும். சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் ஆரம்பித்த ஊர் இது. ஒரே பாட்டில் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒருவர் வாதாடுவதையும், அடுத்து வந்தவர் அதைப் புரட்டிப் போடுவதையும் உட்கார்ந்து ரசித்துக் கேட்டுப் பழகிய கூட்டம். நீளமான வாதத்தைப் பின்தொடர்கிற பொறுமையும் புத்தியும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது நம்முடைய கலைச்சொற்கள் மட்டும்தான். அதை நாம் கொண்டு போனால் போதும்.

இன்னொரு விதத்தில் இது நமக்குக் கஷ்டமும்கூட. நல்ல பேச்சு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்லைடைப் பார்த்து வாசித்தால் மூன்றாவது நிமிடத்தில் விசிறி ஆட ஆரம்பித்துவிடும்.

"தலைப்பு 'கருந்துளைகள்: ஓர் அறிமுகம்'னு வைக்கலாமா?"

வேண்டாம். அறிமுகம் என்று போட்டால் பாடம் என்று அர்த்தம், பாடத்துக்கு யாரும் குளித்துக் கிளம்பி வர மாட்டார்கள். தலைப்பு ஒரு கேள்வியாக இருக்கட்டும், அதுவும் கேட்டவுடன் "ஆமாம்ல, எப்படி?" என்று தோன்றுகிற கேள்வியாக. 'வெளிச்சமே வெளியே வர முடியாத இடம் இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?' என்று வையுங்கள். சர் சி.வி. ராமன் 1968 டிசம்பரில், எண்பது வயதில், அகமதாபாத்தில் பேசியபோது எடுத்துக்கொண்டது வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியைத்தான். நோபல் பரிசு வாங்கியவருக்கே அது போதுமானதாக இருந்தது.

"ஒரு மணி நேரத்துல எவ்வளவு விஷயம் சொல்லலாம்?"

ஒன்று. அதை மட்டும் அடிவரைக்கும் போய்ச் சொல்லுங்கள். எளிமையாகச் சொல்கிறேன் என்று நிறையப் பேர் செய்வது, பத்துத் தலைப்பை எடுத்து ஒவ்வொன்றிலும் மேலாக ஒரு கரண்டி அள்ளிப் போடுவது. கேட்கிறவருக்கு எதுவுமே ஒட்டாது.

வெளியும் காலமும் நெளிந்து அலையாகப் பரவுகிற ஈர்ப்பலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவெடிப்பில் ஆரம்பித்து ஐன்ஸ்டீன், கருந்துளை, நோபல் பரிசு என்று சுற்றி வரலாம், யாருக்கும் நினைவிருக்காது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு சங்கதி: அமெரிக்காவில் ஈர்ப்பலையைப் பிடிக்கிற லைகோ கருவிக்கு 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கைகள், 2015 செப்டம்பர் 14 அன்று ஓர் ஈர்ப்பலை கடந்துபோனபோது அந்தக் கைகளின் நீளம் மாறியது புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சபையில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார், "ரோட்ல லாரி போனாலே அதைவிட ஆடுமே, அப்புறம் எப்படி?" என்று. அதுதான் உங்கள் பேச்சு, மீதி ஐம்பது நிமிடமும் அந்தக் கேள்விக்குத்தான். 40 கிலோ கண்ணாடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு அடுக்கு ஊசலில் ஏன் தொங்கவிட்டார்கள், சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கருவி ஏன் வைத்தார்கள், இரண்டிலும் அதே துடிப்பு 7 மில்லி வினாடி இடைவெளியில் பதிவானது ஏன் முக்கியம், அந்த இடைவெளி 10 மில்லி வினாடிக்கு மேல் போயிருந்தால் ஏன் தூக்கிப் போட்டிருப்பார்கள் (ஒளியின் வேகத்தில் போகிற அலை அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு மேல் ஆகாது) என்று போனால், லாரி ஏன் ஏமாற்ற முடியாது என்பது சபைக்குத் தானாகவே விளங்கிவிடும். செப்டம்பரில் பார்த்ததை அடுத்த பிப்ரவரி 11 வரைக்கும் ஏன் அறிவிக்கவில்லை என்பதும் விளங்கும்.

"முதல்ல அணுன்னா என்ன, ஆற்றல்னா என்னன்னு அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கணும்ல?"

வேண்டியதில்லை. அடிப்படை எப்போது தேவைப்படுகிறதோ அப்போது சொல்லிக்கொள்ளலாம், தேவை வந்த பிறகு சொன்னால் காதில் ஏறும். ஆரம்பத்தில் சபையின் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியலுக்கு நான் சிபாரிசு செய்வது மியூவான், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள்.

எல்லோரையும் உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லுங்கள். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அந்தக் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்றில் மோதி, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இது பிறக்கிறது. இங்கிருந்து கானாடுகாத்தானுக்கு எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு உயரம். பிறந்த மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். அப்படியானால் இங்கே வந்து சேரவே கூடாது. ஆனால் வருகிறது, கையை நீட்டியிருக்கிற இந்த நேரத்திலும் வந்துகொண்டிருக்கிறது. வேகமாக ஓடுகிற பொருளின் நேரம் நமக்கு மெதுவாக நகர்கிறது என்று இதற்கப்புறம் சொன்னால், ஐன்ஸ்டீன் சொன்னார் என்பதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. வேறு வழியில்லாமல் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

"விடையை உடனே சொல்லாம இழுத்தா கடுப்பாயிட மாட்டாங்களா?"

சும்மா இழுத்தால் கடுப்பாவார்கள். அவர்களை ஒரு பக்கம் சேரவிட்டு இழுத்தால் ஆக மாட்டார்கள். பட்டிமன்றத்தில் தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம், யாராவது எழுந்து போகிறார்களா? ஏற்கெனவே மனதுக்குள் ஓர் அணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டோம், அதனால் உட்கார்ந்திருக்கிறோம். இயற்பியலிலும் அதையே செய்யலாம். எங்கள் கூட்டங்களில் இதுவரை ஒருதடவைகூடச் சோடை போகாத ஒன்று, ஒரு திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் விடுகிற போலராய்டு தகடு.

மூன்று தகடு வேண்டும், அறிவியல் உபகரணக் கடையில் கிடைக்கும். முதல் தகட்டை விளக்குக்கு முன்னால் பிடியுங்கள், வெளிச்சம் கொஞ்சம் மங்கும். இரண்டாவதைக் குறுக்காகத் திருப்பி அதன்மேல் வையுங்கள், சுத்தமாக இருட்டாகிவிடும். இப்போது மூன்றாவது தகட்டைக் கையில் தூக்கிக் காட்டி, "இதை இரண்டுக்கும் நடுவிலே சாய்வாகச் செருகப்போகிறேன். இன்னும் இருட்டாகுமா, அப்படியே இருக்குமா, வெளிச்சம் வருமா?" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் அப்படியே இருக்கும் என்பார்கள். தடுப்பை அதிகமாக்கினால் வெளிச்சம் எப்படி வரும், நியாயமான பதில்தானே. பிறகு 45 பாகையில் செருகுங்கள். நடுவில் வெளிச்சம் வந்துவிடும். தகடு மூன்றும் குறையில்லாதவை என்று வைத்துக்கொண்டால், முதல் தகடு விட்ட வெளிச்சத்தில் கால் பங்கு வெளியே வரும். நான் பார்த்தவரை இந்த இடத்தில் யாரும் கைபேசியை எடுத்ததில்லை. ஒவ்வொரு தகடும் ஒளியை வடிகட்டுவதோடு அதன் அதிர்வுத் திசையையும் மாற்றிவிடுகிறது, அளப்பது என்ற செயலே அளக்கப்படுகிறதை மாற்றுகிறது என்று குவாண்டத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. தப்பான பக்கம் கை தூக்கியவரைக் கிண்டல் செய்யாதீர்கள். அடுத்த தடவை யாரும் கை தூக்க மாட்டார்கள்.

"சமன்பாடு காட்டவே கூடாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?"

ஒன்று காட்டலாம். காட்டினால் அதை வாய்விட்டு, வாக்கியமாக வாசித்து, ஓர் எண்ணைப் போட்டு விடை வரைக்கும் போக வேண்டும். அலங்காரத்துக்காகத் திரையில் பத்து வரிக் கணக்கை ஓடவிடுவது படம் காட்டுவது, வேறொன்றுமில்லை.

நம் மாவட்டத்துக்கு ஏற்ற கணக்கு கார்பன்-14, செத்துப்போன மரம், எலும்பு போன்றவற்றில் மெல்லச் சிதைந்து குறைகிற ஒரு கார்பன் வகை. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு, அதாவது அவ்வளவு காலத்தில் இருப்பது பாதியாகும், இன்னும் அவ்வளவு காலத்தில் அந்தப் பாதியில் பாதியாகும். வட்டிக்கு வட்டி போடுகிற கணக்கைத் தலைகீழாக ஓட்டுவது மாதிரி. இதை இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதே இல்லை, நமக்கு முன்னால் அவர்கள் மனக்கணக்கில் போய்விடுவார்கள். இப்போது கீழடி. அங்கே கிடைத்த பொருள்களில் சில கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் சொன்னது. 2,600 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு கரித்துண்டில் எவ்வளவு கார்பன்-14 மிச்சம் இருக்கும்? பாதிக்கு மேல் இருக்கும் என்று சபையே சொல்லும். சரியாகப் போட்டால் நூற்றுக்கு 73. செய்தித்தாளில் படித்த தேதியைத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு அப்புறம் சமன்பாட்டைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

"ரப்பர் விரிப்புல குண்டு வச்சு ஈர்ப்பை விளக்கலாமா?"

விளக்கலாம் (குண்டு அமுக்கிய பள்ளத்தை நோக்கிக் கோலி உருளும், நிறை வெளியை வளைப்பது இப்படி என்பார்கள்), ஆனால் அந்த உவமை எங்கே உடைகிறது என்பதையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் முன் வரிசையில் இருக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்: "குண்டு ஏன் கீழ அமுங்குது? அதுக்கே ஈர்ப்பு வேணுமே?" மிகச் சரியான கேள்வி. ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கியிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய குறை, விரிப்பு வளைவது வெளியை மட்டும் காட்டுகிறது. நாம் கைவிட்ட தேங்காய் தரைக்கு வருவதற்குப் பெரும் காரணம் காலம் வளைவது, பூமிக்குப் பக்கத்தில் கடிகாரம் மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் ஓடுவது. இதற்கு ஜிபிஎஸ் நல்ல சாட்சி. அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரம் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோ வினாடி முந்துகிறது, வேகத்தால் 7 மைக்ரோ வினாடி பிந்துகிறது (மியூவான் கேள்வியில் சொன்ன அதே விளைவு), ஆக 38 முந்துகிறது. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேரும், பிள்ளையார்பட்டிக்கு வழி கேட்டால் குன்றக்குடியில் கொண்டுபோய் விட்டாலும் விடும். விரிப்பைக் காட்டிவிட்டு இதையும் சொன்னால் உவமை தன் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளும்.

"எங்ககிட்ட லேப் எல்லாம் கிடையாதே, டெமோவுக்கு என்ன செய்ய?"

மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் தொடர் உரையே நிகழ்த்தினார். உங்களுக்கு ஒரு தலைமுடியும், சாவிக்கொத்தில் தொங்குகிற சிவப்பு லேசரும் போதும்.

முடியை ஓர் அட்டை ஓட்டையின் குறுக்கே செலோடேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். வளவு வீட்டில் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் போட்டு மெழுகிய பழைய சுவர் இருந்தால் இன்னும் நல்லது, அந்த வழுவழுப்புக்கு ஈடான திரை எந்த ஹாலிலும் கிடையாது. முடியைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் பிடித்து லேசரை அதன்மேல் அடித்தால், சுவரில் நிழல் விழுவதற்குப் பதில் புள்ளி புள்ளியாக ஒரு சிவப்பு வரிசை நீளும். ஒருவரை அளவுகோலோடு சுவருக்கு அனுப்பி, பக்கவாட்டில் இருட்டுக்கும் அடுத்த இருட்டுக்கும் இடையே எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். சுமார் 3 சென்டிமீட்டர் வரும். லேசரின் அலைநீளத்தை முடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி இந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன். 650 நானோமீட்டர், 3 மீட்டர், 2.8 சென்டிமீட்டர் என்று போட்டால் 70 மைக்ரோமீட்டர். அப்புறம் பார்க்க வேண்டுமே, யார் முடி மெல்லிசு என்று வரிசை கட்டிவிடுவார்கள். நரைத்த முடி, குழந்தை முடி, சவுரி முடி எல்லாம் வரும். ஒளி அலை என்பதை அன்றைக்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிராது. லேசர் மட்டும் பெரியவர் ஒருவர் கையிலேயே இருக்கட்டும், முகத்தின் பக்கம் திரும்பவே கூடாது, பளபளப்பான பித்தளைப் பாத்திரங்களை முன்பே அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

"ஸ்லைடு எத்தனை போடலாம்?"

கரண்ட் போனாலும் பேச்சு நடக்கிற அளவுக்கு. வெயில் இறங்குவதற்குள் வளவில் கூட்டம் வைத்தால் முற்றத்து வெளிச்சத்தில் ப்ரொஜெக்டர் எப்படியும் எடுபடாது.

"தமிழ்லயே பேசணுமா, நடுவுல இங்கிலீஷ் வந்தா பரவாயில்லையா?"

வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. எலக்ட்ரான், லேசர், போட்டான் எல்லாம் எல்லோருக்கும் பழகிய சொற்கள், தாராளமாகச் சொல்லுங்கள். புதுச் சொல் ஒரு பேச்சில் மூன்றுக்கு மேல் வேண்டாம், எந்த மொழியிலிருந்து வந்தாலும் சரி. சொல்லை முதலில் சொல்லி அப்புறம் பொருளை விளக்குவதைவிட, பொருளைக் காட்டிவிட்டு "இதற்கு இன்ன பெயர்" என்று முடிப்பது நல்லது.

"விஞ்ஞானிங்க கதை சொல்லலாமா? ராமன் கப்பல்ல போன கதை எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே."

கதை தெரியும், அதிலிருக்கிற இயற்பியல் தெரியாது. 1921-ல் நார்குண்டா கப்பலில் திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார், வியந்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். வியப்பதற்கு யாரும் நோபல் தருவதில்லை. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் பையில் ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார், நாம் மேலே பார்த்த போலராய்டு தகட்டின் வேலையைச் செய்கிற படிகம். குறிப்பிட்ட கோணத்தில் அதன் வழியே பார்த்தால் நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கிற வானத்தை அறுத்துவிடலாம். அறுத்துவிட்டுப் பார்த்தார், நீலம் போகவில்லை, முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது. அங்கிருந்து கிளம்பிய வேலைதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் போய் முடிந்தது. அதே தகட்டை வைத்துக்கொண்டு ஊருணிக் கரையில் இதைக் காட்டலாம், தண்ணீர் மேல் பளபளப்பு மறைந்து அடியில் இருப்பது தெரியும்.

இன்னொரு கதை இந்த ஊருக்கென்றே செய்த மாதிரி: சந்திரசேகரும் எடிங்டனும். 19 வயதில், 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய சந்திரசேகர், வழியிலேயே போட ஆரம்பித்த கணக்கு: சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் வெண்குள்ளனாக (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரமாக) அடங்கி உட்கார முடியாது. 1935 ஜனவரியில் ராயல் வானியல் கழகத்தில் அவர் பேசி முடித்த கையோடு, அன்றைக்குப் பெரும் புகழ் பெற்றிருந்த வானியலாளர் எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளவிடாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று வாதாடினார். இரண்டு பக்க வாதத்தையும் நேர்மையாக வைத்து, அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்திருந்தால் எந்தக் கட்சி என்று ஓட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் எடிங்டன் ஜெயிப்பார், அன்றைக்கும் அவர்தான் ஜெயித்தார். சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983-ல்.

"குழந்தை, ஆச்சி, பேராசிரியர் எல்லாம் ஒரே கூட்டத்துல இருந்தா யாரைப் பார்த்துப் பேசறது?"

ஆச்சியைப் பார்த்து. பள்ளிப்படிப்பு முடித்து நாற்பது வருடம் ஆனவர், பேப்பர் படிக்கிறவர், பேரன் வெளிநாட்டில் என்ன வேலை பார்க்கிறான் என்று விவரமாகக் கேட்டு வைத்திருக்கிறவர். அவருக்கு விளங்கினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பேராசிரியருக்குச் சலிக்குமே என்ற பயம் வேண்டாம். லாரியா ஈர்ப்பலையா என்ற கேள்வி அவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். பேராசிரியருக்கு நிரூபித்துக் காட்டுகிற பேச்சுதான் எல்லோருக்கும் சலிக்கும், அவருக்கும் சேர்த்து.

"எனக்கே முழுசாப் புரியாததைப் பேசலாமாண்ணே?"

உங்களுக்குப் புரியாதது, யாருக்குமே இன்னும் புரியாதது என்று இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் சபைக்குப் பிரித்துக் காட்டுங்கள். முதல் வகையைப் பேச்சில் சேர்க்காதீர்கள், கேள்வியில் வந்தால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி உண்மையிலேயே பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது வகையைத் தைரியமாக மேடைக்குக் கொண்டு வரலாம்.

இரட்டைப் பிளவுச் சோதனை, அதாவது துகள்கள் இரண்டு வழிகளில் போக விட்டு மறுபக்கத் திரையில் எங்கே விழுகின்றன என்று பார்ப்பது, அப்படித்தான். 1989-ல் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் டோனோமுரா குழு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தது. திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது, கண்டமேனிக்கு விழுகிற மாதிரித்தான் இருந்தது, ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு பார்த்தால் அலைக்கு உரிய பட்டைகள், கிட்டத்தட்ட முடி–லேசரில் சுவரில் பார்த்த அதே வரிசை. தனியாகப் போன எலக்ட்ரான் யாரோடு சேர்ந்து இந்தப் பட்டையைப் போட்டது? எத்தனை புள்ளி எங்கே விழும் என்று கணக்கு துல்லியமாகச் சொல்கிறது, அதில் யாருக்கும் சண்டை கிடையாது. அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம் என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. எது முடிந்த வழக்கு, எது நிலுவையில் இருக்கிற வழக்கு என்று தெளிவாகச் சொன்னால் சபை உங்களை அதிகமாகத்தான் நம்பும்.

"'இதெல்லாம் சித்தர்கள் அன்னைக்கே சொல்லிட்டாங்க'ன்னு ஒருத்தர் எழுந்தா என்ன செய்ய?"

எழுவார். கண்டிப்பாக எழுவார், பெரும்பாலும் கூட்டத்திலேயே ஆர்வமாகக் கேட்டவராக இருப்பார், அதனால் மட்டம் தட்டாதீர்கள். "ஐயா, அந்தப் பாட்டில் அளவு ஏதாவது வருகிறதா? எவ்வளவு, எத்தனை நொடி என்று இருந்தால் நாம் இப்போதே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்" என்று கேளுங்கள். மரியாதையான கேள்வி, உண்மையான கேள்வியும்கூட. லைகோவில் 7 மில்லி வினாடி என்று ஓர் எண் இருந்ததால்தான் அதைச் சோதிக்க முடிந்தது. பாட்டு பாட்டாக இருக்கட்டும், அதன் அழகுக்கு ஒன்றும் குறைவு வராது.

குவாண்டம் காப்பு, குவாண்டம் தண்ணீர் என்று விற்பவர் வந்தால் மட்டும் இந்த நயம் வேண்டாம். எதை அளந்தார்கள், எந்தக் கருவியில், காப்பு போடாதவர்களோடு ஒப்பிட்டார்களா என்று எல்லோர் முன்னாலும் நேராகவே கேளுங்கள்.

"'இதனால என்ன பிரயோஜனம்?'னு கேட்டா?"

ஜிபிஎஸ்ஸைச் சொல்லித் தப்பித்துவிடலாம்தான். ஆனால் நான் கவனித்தவரை, பேச்சு சலிப்பாக இருந்த நாள்களில்தான் இந்தக் கேள்வி வருகிறது. கம்பன் விழாவில் யாரும் இதைக் கேட்பதில்லை. பேச்சு பிடித்துப்போய் உண்மையிலேயே அறிந்துகொள்ளக் கேட்கிறவரும் உண்டு, அவருக்குப் பயன் இருந்தால் இருக்கிறது என்றும், இல்லையென்றால் இதுவரை இல்லை என்றும் பச்சையாகச் சொல்லலாம். ஈர்ப்பலையால் அரிசி விலை குறையப்போவதில்லை.

"பேச்சு எடுபட்டுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்றாங்க."

நம் ஊரில் விருந்தும் பேச்சும் எப்போதும் நல்லாத்தான் இருக்கும். கைதட்டலைக் கணக்கில் எடுக்காதீர்கள். முடிந்ததும் பணியாரத்தட்டுப் பக்கம் போய்ச் சும்மா நில்லுங்கள். தகட்டை மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா, எடிங்டன் சொன்னதிலும் நியாயம் இருக்கு என்று யாராவது வாதாடுகிறார்களா, அல்லது கல்யாணத் தேதி பேசுகிறார்களா? நாலு நாள் கழித்து, வந்த ஒருவருக்குப் போன் போட்டு, வராத தம்பிக்கு அதைச் சொல்லிக் காட்டச் சொல்லிக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தை அடுத்த தடவை மாற்றிக்கொள்ளுங்கள்.

"எல்லாம் தயார் பண்ணியும் ஆளே வரலைன்னா?"

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். வளர்பிறை முகூர்த்த நாளில் இந்தப் பக்கம் ஒரு கூட்டமும் நிற்காது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள்தான், ஆனால் அன்றைக்கு எல்லாப் பள்ளியிலும் ஏதாவது விழா இருக்கும், ப்ரொஜெக்டரும் கிடைக்காது, வாத்தியார்களும் கிடைக்க மாட்டார்கள். அதை ஒட்டியே முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழா வேறு வந்துவிடும், மைக்செட் ஒன்றுகூட மிச்சமிருக்காது. பிப்ரவரி முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மைக்செட்காரருக்குப் பொங்கல் முடிந்த கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.